ஐஸ் கட்டியா, ஃபிரீசரா?

தீபாவளிக்கு முந்தைய வாரம் பட்டர்வொர்த்திலிருந்து வந்திருந்த மச்சான், நான் நீட்டிய கிளாஸை மூக்கருகே கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார். "மச்சான், இதில் பெலாச்சான் வாசனை அடிக்கிறதே!"

போலந்தின் ரை தானியத்தில் வடித்த பெல்வெடேர் வோட்கா அது. குற்றம் வோட்காவில் இல்லை. ஐஸ் தட்டுக்குப் பக்கத்திலேயே, வாயைச் சரியாகக் கட்டாமல், பெலாச்சான் என்ற இறால் விழுதுப் பொட்டலத்தை வைத்தவன் நான்தான். அன்றோடு ஐஸை நிறுத்திவிட்டு, பாட்டிலையே ஃபிரீசரில் வைக்க ஆரம்பித்தேன்.

ஆரஞ்சுச் சாறோ டானிக்கோ கலந்து குடிப்பவர்களுக்கு இந்த அலசல் தேவையில்லை. அதற்கு மலிவான பாட்டிலே போதும். வோட்காவைத் தனியாக ருசிப்பவர்களுக்குத்தான் இந்தக் கேள்வி.

ஐஸ் பக்கமும் நியாயம் உண்டு. பத்துப் பேர் வந்தால் அதுதான் வசதி. கடையில் பையாக வாங்கினால் வாசனைத் தொல்லையும் இல்லை. கொஞ்சம் நீர் சேர்ந்தால் எரிச்சலும் தணியும். ஆனால் அந்தக் 'கொஞ்சம்' நம் பினாங்குச் சூட்டில் நிற்பதில்லை. 40 சதவீத வோட்கா 30 மில்லி ஊற்றுகிறோம் என்று வையுங்கள். காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்து ஊர்க்கதை பேசி முடிப்பதற்குள் இன்னொரு 30 மில்லி நீர் உருகிச் சேர்ந்தால், கையில் இருப்பது 20 சதவீதம். பெரிய கட்டியாகப் போட்டால் மெதுவாக உருகும், அவ்வளவுதான்.

வீட்டு ஃபிரீசர் சுமார் மைனஸ் 18 டிகிரி. 40 சதவீத வோட்கா உறைய மைனஸ் 27 அளவுக்குக் குளிர் வேண்டும். அதனால் அது கல்லாவதில்லை. சற்றே கெட்டியாகி, பாகுபோல் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. அத்தனை குளிரில் மணம் அடங்கிவிடும் என்பார்கள். உண்மைதான், முதல் வாய்க்கு ஒன்றுமே தெரியாது. இங்கேதான் நம் ஊர் வெயில் கைகொடுக்கிறது. கிளாஸை ஐந்து நிமிடம் மேசையில் விட்டால் மிளகுக் காரம் தலைகாட்டும். இன்னும் கொஞ்சம் பொறுத்தால் ரொட்டி மணம் வரும். ஐஸைக் கரைத்துத் தண்ணீராக்கும் அதே சூடு, இங்கே சொட்டு நீர் சேர்க்காமல் மணத்தை அவிழ்த்துவிடுகிறது. எனக்கு இந்த ஒன்றே போதுமானதாக இருந்தது.

தொல்லையும் இல்லாமல் இல்லை. பண்டிகை நாளில் ஆட்டிறைச்சியும் தெங்கிரி மீனும் அடைத்த ஃபிரீசரில் பாட்டிலுக்கு இடம் கேட்டால் வீட்டில் முறைப்பார்கள். வெளியே எடுத்த மறு நிமிடமே பாட்டில் வியர்த்துக் கையில் வழுக்கும். ஒரு துணி வேண்டும். கிளாஸ் சிறியதாக இருக்கட்டும், அதையும் உள்ளே வைத்துக் குளிர்விக்கலாம்.

பிரெஞ்சுக் கோதுமையில் வடித்த கிரே கூஸ் மென்மையானது. அதை ஃபிரீசரில் வைத்தபோது குளிர் மட்டுமே நாக்கில் நின்றது. அதற்குச் சாதாரண ஃபிரிட்ஜ் குளிர் போதும் என்று தோன்றுகிறது. உருளைக்கிழங்கு வோட்காவை இரண்டே முறைதான் குடித்திருக்கிறேன், தீர்ப்புச் சொல்ல அது போதாது.

போலந்துக்காரர்கள் தொட்டுக்கொள்ள ஊறவைத்த வெள்ளரிக்காயும் ஹெரிங் மீனும் வைப்பார்கள். நான் சௌரஸ்தா சந்தை ஜாதிக்காய் ஊறலை வைக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை மச்சான் கிளாஸை வாங்கியதும் மறுபடி முதலில் முகர்ந்துதான் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, ஊறல் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.