மசால் தோசையா, காய் ஊத்தப்பமா, அடையா: வீட்டில் காய்கறியோடு வார்க்க எது தோது?

தோசையோடு காய்கறியையும் சேர்த்துத் தட்டில் போட வீட்டில் மூன்று வழிகள் இருக்கின்றன. காயை வதக்கி மசாலாவாக்கி உள்ளே வைத்து மடிக்கலாம். பச்சையாகப் பொடியாக நறுக்கி, ஊற்றிய மாவின் மேல் தூவி ஊத்தப்பமாக்கலாம். இல்லையென்றால் மாவிலேயே கலந்து அடையாக வார்க்கலாம். மூன்றுமே அரிசியும் பருப்பும்தான். ஆனால் மாவின் பதம், கல்லின் சூடு, காயை நறுக்கும் அளவு எல்லாம் ஒவ்வொன்றுக்கும் வேறு. ஃப்ரிட்ஜில் இருக்கும் ஒரே மாவை வைத்து எல்லாவற்றையும் செய்யப் பார்க்கும்போதுதான் மசால் தோசை நடுவில் பிய்ந்துபோகிறது, ஊத்தப்பத்தின் நடுப்பகுதி வேகாமல் பிசுபிசுவென்று நிற்கிறது.

இந்த மூன்றில் எதை எடுத்தாலும் முதலில் பார்க்க வேண்டியது காயில் இருக்கும் தண்ணீரை. கேரட்டின் எடையில் 100-க்கு 88 பங்கு தண்ணீர். முட்டைக்கோஸில் 92, தக்காளியில் 94-க்கும் மேல். மாவில் இருக்கும் தண்ணீர் ஆவியாகிப் போனால்தான் தோசை முறுகும். அந்த நேரத்தில் பக்கத்திலேயே காய் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தால் எவ்வளவு எண்ணெய் ஊற்றினாலும் முறுகாது. உருளைக்கிழங்கிலும் 79 பங்கு தண்ணீர் உண்டு. ஆனால் வெந்த கிழங்கின் மாவுச்சத்து அதை வெளியே விடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். மசால் தோசைக்குள் உருளைக்கிழங்கு இவ்வளவு அழுத்தமாக உட்கார்ந்துவிட்டதற்கு ருசி மட்டும் காரணமில்லை.

மசால் தோசை

மூன்றில் அதிக வேலை வாங்குவது இதுதான். முதலில் மாவு. நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்பது பழகிய கணக்கு. வெறும் இட்லி அரிசி போட்டால் தோசை மெத்தென்று வரும். மூன்று பங்கு இட்லி அரிசி, ஒரு பங்கு பச்சரிசி என்று மாற்றினால் முறுகல் கிடைக்கும். ஒரு டீஸ்பூன் வெந்தயம், ஒரு மேசைக்கரண்டி கடலைப்பருப்பு, ஒரு கைப்பிடி அவல் சேர்த்து ஊறவைத்து அரைத்தால் ஹோட்டல் தோசையின் செந்நிறம் வீட்டுக் கல்லிலும் வரும். அந்த நிறம், சூட்டில் பருப்பின் புரதமும் மாவில் உள்ள சர்க்கரையும் சேர்ந்து உண்டாவது. அதனால்தான் சில வீடுகளில் வார்க்கும் முன் மாவில் ஒரு சிட்டிகை சர்க்கரையும் போடுகிறார்கள்.

உளுந்தைக் கிரைண்டரில் தனியாக அரைப்பதுதான் நல்லது. புவிசார் குறியீடு வாங்கிய கோவை கிரைண்டர் வீட்டில் இருக்கிறதென்றால் பேச்சே இல்லை. கல் மெதுவாகச் சுற்றுவதால் மாவு சூடாவதில்லை, உளுந்தும் நன்றாகப் பொங்கி வரும். மிக்ஸிதான் இருக்கிறதா, ஐஸ் தண்ணீர் விட்டு, இடையிடையே நிறுத்தி நிறுத்தி அரையுங்கள். உளுந்திலும் அரிசியிலும் இயல்பாகவே இருக்கும் நுண்ணுயிரிகள்தான் மாவைப் புளிக்க வைக்கின்றன. அவை விடும் காற்றை உளுந்தின் கொழகொழப்பு பிடித்துவைக்கிறது. நம் ஊர் வெயிலில் 8 மணி நேரம் போதும். மார்கழிக் குளிரில் 12 மணி நேரத்துக்கு மேலும் ஆகும்.

அடுத்தது மசாலா. பூரிக்குச் செய்கிற கிழங்கை அப்படியே தோசைக்குள் வைப்பது பல வீடுகளில் நடக்கிறது. பூரிக் கிழங்கு தளர்வாக, கடலைமாவு கரைத்து விட்டு, பூரியால் வழித்துச் சாப்பிடும் பதத்தில் இருக்க வேண்டும். தோசைக்கு அந்தப் பதம் ஆகவே ஆகாது. கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் ஒரு நொடி தயங்கித்தான் விழ வேண்டும். அரைக் கிலோ கிழங்குக்குப் பெரிய வெங்காயம் இரண்டு, பச்சை மிளகாய் நான்கு, ஒரு துண்டு இஞ்சி, கறிவேப்பிலை. தாளிக்கக் கடுகு, கடலைப்பருப்பு, பெருங்காயம். வெங்காயம் கண்ணாடியாக வதங்கினால் போதும், சிவக்க வேண்டாம். மஞ்சள்தூளும் உப்பும் போட்டு அரை டம்ளர் தண்ணீர் தெளித்துக் கொதித்ததும், கையால் உடைத்த கிழங்கைப் போட்டுத் தண்ணீர் முழுக்க இழுத்துக்கொள்ளும்வரை கிளற வேண்டும். மசித்துக் கூழாக்க வேண்டாம், கிழங்கு அங்கங்கே கட்டியாகக் கடிபட வேண்டும்.

சரி, இதில் மற்ற காய்கள் எங்கே? இங்கே நான் கொஞ்சம் கறார். கேரட், பீன்ஸ், பட்டாணி மூன்றும் கிழங்கோடு ஒத்துப்போகும். ஆனால் தனியே ஆவியில் வேகவைத்து, நீர் வடித்து, மொத்த மசாலாவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் சேர்க்க வேண்டும். பீட்ரூட்டும் நன்றாக வரும். கேரளத்தின் இந்தியன் காபி ஹவுஸ்களில் மசால் தோசையைப் பிரித்தால் உள்ளே சிவப்பாக பீட்ரூட் கலந்த கிழங்குதான் இருக்கும். வீட்டில் செய்யும்போது பீட்ரூட்டைத் துருவி, தனி வாணலியில் ஈரம் போக வதக்கிச் சேருங்கள். காலிஃபிளவரையும் துருவி வதக்கினால் தப்பில்லை. முட்டைக்கோஸ், தக்காளி, சௌசௌ, சுரைக்காய் எதுவும் இதற்குள் வேண்டாம். சத்தாக இருக்கட்டும் என்று ஏழெட்டுக் காய்களைத் திணிக்கும் மசால் தோசை, நல்ல தோசையாகவும் இல்லாமல் நல்ல காய்க்கறியாகவும் இல்லாமல் நின்றுவிடும். குழந்தைக்குக் காய் போக வேண்டும் என்பதுதான் நோக்கமென்றால் அதற்கு அடை இருக்கிறது.

கர்நாடகத்துக்காரர்கள் இதில் நம்மைவிட ஒரு படி மேலே யோசித்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம். மைசூர் மசாலாவில் சிவப்பு மிளகாயும் பூண்டும் அரைத்த சட்னியைத் தோசையின் உள்பக்கம் தடவி, அதன் மேல் கிழங்கை வைக்கிறார்கள். பெங்களூரு காந்தி பஜாரில் 1943-இலிருந்து இருக்கும் வித்யார்த்தி பவனில் தோசை நம் ஊர் பேப்பர் ரோஸ்ட்டைப் போல மெல்லியதல்ல. வெளியே முறுகலும் உள்ளே மெதுமெதுப்புமாகத் தடிமனாக இருக்கும். மசாலாவின் ஈரத்தைத் தாங்க அந்தத் தடிமன்தான் சரி. வீட்டில் பேப்பர் ரோஸ்ட்டுக்கு ஆசைப்பட்டு, காகிதம்போல் இழுத்த தோசைக்குள் சுடச்சுட மசாலாவை வைத்தால் தட்டுக்கு வருவதற்குள் அடி இற்றுப்போகும். மாவைக் கொஞ்சம் தடிமனாகவே இழுங்கள். உள்பக்கம் பொட்டுக்கடலைப் பொடியோ இட்லிப் பொடியோ லேசாகத் தூவி, அதன் மேல் மசாலாவை வைத்தால் பொடி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், ருசியும் கூடும். அல்லது தாவணகெரே பெண்ணெ (வெண்ணெய்) தோசைக்குச் செய்வதைப்போல மசாலாவை உள்ளே வைக்காமல் தோசையோடு சேர்த்துப் பரிமாறிவிடலாம்.

எப்படிச் செய்தாலும் மசால் தோசை காத்திருக்காது. வார்த்த பத்து நிமிடத்தில் தளர்ந்துவிடும். டிபன் பாக்ஸுக்கு ஆகாது. நான்கு பேர் சாப்பிடும் வீட்டில் ஒருவர் கடைசிவரை அடுப்படியில் நிற்க வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் அம்மாவாகத்தான் இருக்கிறார், அவருக்குக் கிடைப்பது ஆறின மசாலாவும் மிச்ச மாவும். அதனால் இதை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இரண்டு பேர் மாறி மாறிக் கல்லடியில் நிற்கச் சம்மதித்தால் மட்டும் செய்யுங்கள்.

காய் ஊத்தப்பம்

இதற்கு மெனக்கெடவே வேண்டாம். அரைத்து மூன்றாம் நாள், கொஞ்சம் புளிப்பேறிய மாவுதான் இதற்கு உகந்தது. கடையில் வாங்கிய மாவு என்றாலும் இந்த வேலைக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாவு கெட்டியாக இருக்க வேண்டும். கரண்டியால் இழுக்காமல் ஊற்றிய இடத்திலேயே லேசாகப் பரப்பிவிட்டால் போதும். வெங்காயம், துருவிய கேரட், பொடியாக நறுக்கிய குடைமிளகாய், பச்சை மிளகாய், கொத்தமல்லி ஆகியவற்றைத் தூவி, தோசைத்திருப்பியால் லேசாக அழுத்த வேண்டும்.

காயோடு முன்கூட்டியே உப்புக் கலந்து வைக்கக் கூடாது. பத்து நிமிடத்தில் கிண்ணத்தின் அடியில் தண்ணீர் நிற்கும், அந்தத் தண்ணீர்தான் மாவின் மேல் போய் ஊத்தப்பத்தை வேகவிடாமல் செய்யும். மாவில் இருக்கும் உப்பே போதும். தீயைக் குறைத்து, மூடி போட்டு, மேல்மாவு வெந்து வெளுத்த பிறகு திருப்பிப் போட்டால் காயின் ஓரங்கள் கல்லில் பட்டுக் கருகும். அந்தக் கருகல் மணத்துக்காகத்தான் ஊத்தப்பமே. தக்காளி போட ஆசையா, விதையையும் சாற்றையும் நீக்கிவிட்டுச் சதையை மட்டும் நறுக்கிப் போடுங்கள்.

ஒரு ஊத்தப்பத்தில் ஒரு கைப்பிடிக் காய்தான் நிற்கும். அதற்கு மேல் போட்டால் திருப்பும்போது உதிர்ந்து கல்லில் கருகிக் கிடக்கும். காயை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டோரம் ஒதுக்கும் பிள்ளைகளுக்கும் இது வசதியாகிவிடுகிறது, எல்லாம் கண்ணுக்கு முன்னால் மேலேயே இருக்கிறதே. வாரநாள் இரவுக்கு, முக்கால் மணி நேரத்தில் எல்லோரும் சாப்பிட்டு முடிக்க வேண்டுமென்றால் என் ஓட்டு இதற்குத்தான்.

அடை

காய்கறியும் பருப்பும் உடம்பில் சேர வேண்டும் என்று நினைப்பவர்கள் ஏன் மசால் தோசையைச் சுற்றி வருகிறார்கள் என்று எனக்கு ஆதங்கமாக இருக்கும். தோசை மாவில் பருப்பு ஐந்தில் ஒரு பங்குதான். அடை மாவில் பாதிக்குப் பாதி போடலாம். இரண்டு டம்ளர் இட்லி அரிசிக்குக் கடலைப்பருப்பு முக்கால், துவரம்பருப்பு முக்கால், உளுந்து கால், பாசிப்பருப்பு கால் டம்ளர் என்பது நான் சொல்லும் கணக்கு. கூட்டிக் குறைத்தாலும் அடை கோபித்துக்கொள்ளாது. அரிசியின் புரதத்தில் குறையும் லைசின் என்ற அமினோ அமிலம் பருப்பில் நிறைய உண்டு, பருப்பில் குறையும் மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலம் அரிசியில் உண்டு. இரண்டும் ஒரே வாயில் சேர்வது அடையில்தான் நல்ல அளவில் நடக்கிறது.

புளிக்க வைக்க வேண்டியதில்லை என்பது பெரிய சௌகரியம். காலையில் நினைவு வந்து ஊறப்போட்டால் மூன்று மணி நேரத்தில் அரைத்துவிடலாம். காய்ந்த மிளகாய், சோம்பு அல்லது சீரகம், பெருங்காயம், உப்பு சேர்த்துக் கொரகொரப்பாக அரைக்க வேண்டும். நைசாக அரைத்தால் அது அடையே இல்லை. மிக்ஸியே போதும்.

மற்ற இரண்டிலும் தொல்லையாக இருந்த காயின் தண்ணீர் இங்கே உதவிக்கு வருகிறது. மாவை ரொம்பக் கெட்டியாக அரைத்து எடுத்துக்கொண்டு, துருவிய சுரைக்காயோ முட்டைக்கோஸோ சேர்த்துப் பிசைந்தால், அது விடும் நீரிலேயே மாவு வார்க்கும் பதத்துக்குத் தளர்ந்துவிடும். மேலே தண்ணீர் விடவே வேண்டாம். மசாலாவுக்கு ஆகாது என்று நான் தள்ளிய காய்கள் பலவும் இங்கே வரலாம். முருங்கைக்கீரை, வாழைப்பூ, பரங்கிக்காய், நறுக்கிய வெங்காயம், தேங்காய்ப் பல் என எதுவும் சேரும். மாவும் காயும் சம அளவு இருந்தாலும் பிரியாது. முருங்கைக்கீரையை மட்டும் கடைசியில், வார்க்கும் முன் கலந்தால் கீரையின் மணம் அப்படியே நிற்கும்.

கல்லில் தடிமனாகப் பரப்பி, நடுவில் ஒரு ஓட்டை போட்டு, அதிலும் சுற்றிலும் நல்லெண்ணெய் விட்டு நிதானமாக வேகவிடுங்கள். எண்ணெயில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள், காய்ந்த அடை தொண்டையில் நிற்கும். ஒரு அடைக்கு இரண்டு டீஸ்பூன் வேண்டும். அவியல் இருந்தால் விருந்து, இல்லாவிட்டால் வெல்லமும் வெண்ணெயும் போதும். மதியத்துக்குக் கட்டிக் கொடுத்தாலும் கெட்டியாக, ருசியாகவே இருக்கும்.

எல்லோருக்கும் இது ஒத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. இரவில் இரண்டு அடைக்கு மேல் சாப்பிட்டால் வயிறு கனக்கும். வீட்டுப் பெரியவர்களுக்கு இரவில் ஊத்தப்பமே நல்லது. அடையின் கனமும் வேண்டாம், பருப்பும் வேண்டும் என்றால் ஆந்திரத்துப் பெசரட்டை எடுத்துக்கொள்ளலாம். முழுப் பாசிப்பயறை ஊறவைத்து இஞ்சி, பச்சை மிளகாயோடு அரைத்து, புளிக்க விடாமல் வார்ப்பது. அவர்கள் உள்ளே உப்புமா வைக்கிறார்கள். அந்த இடத்தில் நீர் வற்ற வதக்கிய கேரட்டும் பீன்ஸும் வைத்தாலும் பெசரட் தாங்கும்.

எந்தக் கல்?

அடைக்கும் ஊத்தப்பத்துக்கும் கனமான இரும்புக் கல்தான். சூட்டைப் பிடித்துவைத்து நிதானமாகக் கொடுக்கும். மசால் தோசைக்கும் இரும்பே ஒரு படி உசத்தி. ஆனால் கல் பழகியிருக்க வேண்டும். ஒவ்வொரு தோசைக்கும் முன்பு தண்ணீர் தெளித்துச் சூட்டைத் தணித்து, எண்ணெய் தொட்ட அரை வெங்காயத்தால் தேய்த்து, பிறகு மாவை இழுத்து, அதன் பின் தீயைக் கூட்ட வேண்டும். கல் கொதிக்கும்போது மாவு ஊற்றினால் கரண்டியோடு சுருண்டு வரும். நான்ஸ்டிக்கில் இந்தச் சிரமம் இல்லை. ஆனால் வெறும் கல்லைப் பெருந்தீயில் விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கக் கூடாது, 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அதன் பூச்சு சிதைய ஆரம்பிக்கும். புதிதாகச் சமைக்கத் தொடங்குகிறவர் நான்ஸ்டிக்கில் மசால் தோசையைப் பழகிக்கொண்டு, பக்கத்தில் இரும்புக் கல்லை அடைக்கு மட்டும் வைத்துக்கொண்டால், எண்ணெய் குடித்துக் குடித்து அந்தக் கல் தானாகவே தோசைக்கும் பழகிவிடும்.

மிச்சமானதை என்ன செய்வது என்பதிலும் அடைதான் முன்னால் நிற்கிறது. மீந்த உருளை மசாலாவை மறுநாள் அடை மாவில் பிசைந்துவிடலாம். மீந்த அடை மாவோ, இரண்டாம் நாள் லேசாகப் புளித்ததும் கொஞ்சம் அரிசி மாவு தூவிக் கெட்டியாக்கி, எண்ணெயில் கிள்ளிப் போட்டால் சாயங்காலக் காபிக்குக் குணுக்கு.