பெரியவங்களுக்குச் சொல்லித்தர பியானோ டீச்சர் – என் ரிவ்யூ (5க்கு 4.5)

முதல்லயே சொல்லிடறேன், டீச்சர் பேரு, நம்பர் எல்லாம் கேக்காதீங்க, அவங்க வீட்லயே வெச்சு தனித்தனியா சொல்லித்தராங்க, இப்போதைக்குப் புதுசா ஆள் சேக்கலன்னும் சொல்லிட்டாங்க, அதனால இது விளம்பரம் இல்ல. ஆனா பிரைவேட்டா ஒரு டீச்சர்கிட்ட சேந்தா என்ன கிடைக்கணும்னே தெரியாம சேந்து, ரெண்டு மூணு மாசத்துல "நமக்கு ம்யூசிக் வராது"ன்னு முடிவு கட்டிட்டு கீபோர்ட கட்டிலுக்கு அடியில தள்ளிவிட்டவங்க நெறய பேர் இருக்காங்க. அவங்களுக்காகத்தான் கொஞ்சம் நீளமா எழுதறேன்.

நான் வேலைக்குப் போற ஆளு, சின்ன வயசுல எதுவும் கத்துக்கல, நோட்ஸ் படிக்கவே தெரியாது. டீச்சர் தேடும்போது ஆன்லைன் லிஸ்ட் எல்லாம் பாத்தேன், எல்லாருமே அஞ்சு ஸ்டார், எல்லாருமே "எளிய முறையில்". உருப்படியான தகவல் வந்தது ஒரு பியானோ ட்யூனர்கிட்ட இருந்துதான். யோசிச்சா அது சரியாத்தான் படுது, வீடு வீடா போய் பியானோ ட்யூன் பண்ற ஆளுக்கு எந்த டீச்சர் இன்ஸ்ட்ருமெண்ட ஒழுங்கா வெச்சிருக்காங்க, யார் வீட்ல பியானோ மேல போட்டோ ஃப்ரேம் மட்டும் நிக்குதுன்னு எல்லாம் தெரியும். நீங்க தேடறீங்கன்னா அப்படி ஒருத்தரப் பிடிச்சு கேளுங்க.

சேர்றதுக்கு முன்னாடி வேற ரெண்டு இடத்துல ட்ரையல் கிளாஸ் போனேன். ஒரு சார், பிரமாதமா வாசிக்கறாரு, கீ மேல எல்லாம் எழுத்து ஸ்டிக்கர் ஒட்டி வெச்சிருக்காரு, "நான் அழுத்தறதப் பாத்து அழுத்துங்க"ன்னு சொல்லி அரை மணி நேரத்துல ஒரு பாட்டோட பல்லவிய வலது கையில வாசிக்க வெச்சுட்டாரு. வெளிய வரும்போது சந்தோஷமாத்தான் இருந்துது, ராத்திரி வீட்ல உக்காந்தா ஒண்ணுமே ஞாபகம் இல்ல, ஏன்னா நான் கத்துக்கிட்டது அவர் விரலத்தான், பாட்ட இல்ல. இன்னொரு இடம் முழுக்க எக்ஸாம் ஃபேக்டரி. உள்ள போனதும் "எந்த கிரேடு?"ன்னுதான் கேட்டாங்க.

எக்ஸாம் தப்புன்னு நான் சொல்லல. ஏபிஆர்எஸ்எம், டிரினிட்டின்னு ம்யூசிக் எக்ஸாம் நடத்தற ரெண்டு போர்டுலயும் ஆரம்ப நிலை தாண்டினா கிரேடு 1ல இருந்து 8 வரைக்கும் இருக்கு, ஏபிஆர்எஸ்எம் ப்ராக்டிகல்ல மூணு பீஸ் (முன்னாடியே தயார் பண்ணிட்டுப் போற பாட்டு), ஸ்கேல்ஸ் (வரிசையா ஏறி இறங்கற ஸ்வரங்கள்), சைட் ரீடிங் (முன்னப்பின்ன பாக்காத பேப்பர பாத்ததும் வாசிக்கறது), காதால கேட்டு பதில் சொல்ற டெஸ்ட், எல்லாம் சேத்து 150க்கு 100 எடுத்தா பாஸ், 120 மெரிட், 130 டிஸ்டிங்ஷன். ஒழுங்கா சொல்லித்தரவங்க கையில அது நல்ல அளவுகோல். ஆனா வருஷம் முழுக்க அந்த மூணு பீஸையே அரைச்சு சர்டிஃபிகேட் வாங்கிட்டு, நாலாவதா ஒரு பேப்பர முன்னாடி வெச்சா முழிக்கிற ஆளுங்களையும் பாத்திருக்கேன். எனக்கு சர்டிஃபிகேட் வெச்சு ஆக வேண்டியது ஒண்ணுமில்ல, அதனால அங்க சேரல.

இப்ப இந்த மேடம். முதல் கிளாஸ்ல பாட்டே கிடையாது. பெஞ்ச ஏத்தி இறக்கி என் முழங்கை கீ மட்டத்துக்கு வர்ற மாதிரி வெச்சாங்க, தோள் தூக்கியிருக்கான்னு பாத்தாங்க, கையத் தொங்கப் போட்டுட்டு அந்த வெயிட்ட அப்படியே கீ மேல விடச் சொன்னாங்க. விரலால குத்தாதீங்க, கை வெயிட்ட விடுங்க, இதையே திரும்பத் திரும்ப. அப்புறம் மூடியத் திறந்து உள்ள காட்டினாங்க. கீய அழுத்தினா ஒரு சுத்தியல் போய் கம்பிய அடிச்சுட்டு உடனே திரும்பிடுது, கீ எவ்ளோ வேகமா இறங்குதோ அவ்ளோ சத்தம், அடிச்சதுக்கப்புறம் நீங்க எவ்ளோ அமுக்கினாலும் அந்த சத்தம் மாறப்போறதில்ல. கிறிஸ்டோஃபோரின்னு ஒரு இத்தாலிக்காரர் 1700 வாக்குல கண்டுபிடிச்ச சமாச்சாரம், அதுக்கு முன்னாடி இருந்த ஹார்ப்சிகார்டுல கம்பியச் சுண்டிதான் விடும், மெதுவா அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் சத்தத்துல பெருசா வித்தியாசம் வராது. இந்த ஒரு விளக்கத்துக்கே அன்னிக்கு ஃபீஸ் சரியாப்போச்சு எனக்கு.

ஆனா நான் இவங்களுக்கு ஸ்டார் குடுக்கறது இதுக்கெல்லாம் இல்ல. வாரத்துக்கு ஒரு கிளாஸ், மீதி ஆறு நாள் நம்ம தனியாத்தான் உக்காரணும், அந்த ஆறு நாள் என்ன பண்ணணும்னு சொல்லித்தர டீச்சர நான் இவங்ககிட்டதான் பாத்தேன். பொதுவா "நல்லா ப்ராக்டிஸ் பண்ணுங்க"ன்னு அனுப்பிடுவாங்க, நாமளும் முதல் பார்ல (நோட்ஸ் பேப்பர்ல கோடு போட்டுப் பிரிச்சிருக்கற ஒரு கட்டம்தான் பார்) ஆரம்பிச்சு, தப்பு வர்ற இடத்துல நின்னு, திரும்ப முதல் பார்ல ஆரம்பிச்சு, ஒரு மணி நேரம் ஓட்டிட்டு ப்ராக்டிஸ் பண்ணியாச்சுன்னு எழுந்துருவோம். முதல் ரெண்டு வரி வெண்ணெயா போகும், தப்பு அதே இடத்துல அப்படியே உக்காந்திருக்கும். மேடம் என்ன பண்றாங்கன்னா, கிளாஸோட கடைசி பத்து நிமிஷம் "வீட்ல எப்படிப் பண்ணுவீங்களோ அப்படிப் பண்ணுங்க, நான் பேசமாட்டேன்"னு பக்கத்துல உக்காந்து பாக்கறாங்க. நாலஞ்சு தடவ நான் தடுக்கி விழுந்ததுக்கப்புறம் ஒரு கேள்வி: "எத்தன தடவ வாசிச்சீங்கன்னு கேக்கல, எந்த விரல்ல சிக்குதுன்னு பாத்தீங்களா?"

பாத்தா அது எப்பவுமே விரல் நம்பர் பிரச்சனைதான். கட்டைவிரல் 1, சுண்டு விரல் 5, ரெண்டு கைக்கும் இதே கணக்கு, பேப்பர்லயே போட்டிருக்கும், நாம கண்டுக்காம இன்னிக்கு 3, நாளைக்கு 4ன்னு இஷ்டத்துக்கு வாசிப்போம், கை எதத்தான் ஞாபகம் வெச்சுக்கும்? இப்ப அவங்க நோட்டுப் புத்தகத்துல எழுதித் தர்றது இப்படி இருக்கும்: அஞ்சாவது பார்ல இருந்து எட்டு வரைக்கும் இடது கை மட்டும், பாதி வேகம், விரல் நம்பர வாய்விட்டு சொல்லிக்கிட்டே. அப்புறம் ரெண்டு கையும், ஆனா நாலாவது பாரோட கடைசி பீட்ல ஆரம்பிச்சு அஞ்சாவதோட முதல் பீட்ல நிறுத்திடணும், அதாவது அந்த சந்து மட்டும். தாளத்துக்கு டிக் டிக்னு அடிக்கற மெட்ரோனோம் இதெல்லாம் முடிஞ்சப்புறம்தான். ஒரு நாளைக்கு இருபது நிமிஷம் போதும்ங்கறாங்க, ஆனா தினமும். ஞாயித்துக்கிழம ரெண்டு மணி நேரம் உக்காந்து சரிக்கட்டறேன்னு போனா முகத்தப் பாத்தே கண்டுபிடிச்சிடறாங்க.

ரெண்டு கையும் சேக்கறதுதான் பெரியவங்களுக்குப் பெரிய தலைவலி. மூளைக்குப் புரியுது, கை கேக்கல. அதுக்கு இவங்க இடது கை நோட்டத் தொடையில தட்டிக்கிட்டு வலது கைய வாசிக்கச் சொல்றாங்க, பாக்க கேலியா இருக்கும், வேலை செய்யுது. பேஸ் கிளெஃப் (பெரும்பாலும் இடது கைக்கு எழுதற கீழ் வரிசை) படிக்கறது இன்னும் எனக்கு வலது கைக்கான ட்ரெபிள் அளவுக்கு வேகமா வரல, அதுக்கு தினமும் புதுசா நாலு பார், தப்போ சரியோ நிக்காம ஒரே தடவ வாசிச்சுட்டுத் தூக்கிப் போட்டுடணும்.

கீபோர்டு பத்தி எல்லாரும் கேப்பீங்க. 61 கீ வெச்சு ஆரம்பிக்கலாம்னுதான் அவங்களே சொன்னாங்க, ஆனா மெதுவா அழுத்தினா மெதுவா, ஓங்கி அழுத்தினா சத்தமா வர்ற மாடலா இருக்கணும், அது இல்லாதது வேண்டவே வேண்டாம். தொடர்ந்து கத்துக்கப்போறோம்னு உறுதியானதும் 88 கீ, வெயிட்டட் ஹேமர் ஆக்ஷன் (நிஜ பியானோ மாதிரியே கனமா இறங்கற கீ) டிஜிட்டல் பியானோவுக்கு மாறிடுங்க, இல்லன்னா வீட்ல பஞ்சு மாதிரி கீயில பழகிட்டு அங்க கம்பி வெச்ச நிஜ (அக்கூஸ்டிக்) பியானோல உக்காந்தா பாதி நோட்டு சத்தமே வராது. பெடல் தனியா வாங்கறதா இருந்தா வழுக்கிட்டு ஓடாததா பாத்து வாங்குங்க.

நடுவுல ஊர்ல இல்லாத நேரத்துல ஆன்லைன்லயும் எடுத்தாங்க, சுமார்தான். சத்தம் லேட்டா போகுதுல்ல, அதனால சேந்து வாசிக்கவே முடியாது. ஜூம்ல இசைக்காரங்களுக்குன்னு ஒரிஜினல் சவுண்ட் செட்டிங் ஒண்ணு இருக்கு, அத ஆன் பண்ணலன்னா நீளமா நிக்கற நோட்ட வெறும் இரைச்சல்னு நினைச்சு வெட்டிவிட்டுடுது. கேமரா முகத்துக்கு இல்ல, கைக்கு மேல இருந்து காட்டணும். பழகின டீச்சர்னா ஓகே, ஆரம்பமே ஆன்லைன்னா நான் வேண்டாம்னுதான் சொல்வேன், தோள் இறுகியிருக்கறதயும் மணிக்கட்டு தொங்கறதயும் ஸ்க்ரீன்ல யாரு பாக்கறது.

அரை ஸ்டார் எதுக்குக் குறைச்சேன்னா, முதல் விஷயம் லீவு விதி. நம்ம வர முடியலன்னா அந்தக் கிளாஸ் போனது போனதுதான், முந்தின நாளே சொன்னாலும் மாத்தித் தரமாட்டாங்க. அவங்க பக்கம் நியாயம் இருக்கு, அந்த நேரத்த வேற யாருக்கும் விக்க முடியாது, ஆனாலும் ஆபீஸ் போறவனுக்கு வலிக்குது. ரெண்டாவது, பிடிச்ச சினிமா பாட்ட கார்டு (ரெண்டு மூணு ஸ்வரத்த ஒண்ணா சேத்து அழுத்தறது) போட்டு வாசிக்கணும், காதால கேட்டுப் பிடிக்கணும்னு வர்றவங்களுக்கு இவங்க சரிப்பட மாட்டாங்க. கேட்டா சொல்லித் தருவாங்க, ஆனா முகத்துல ஆர்வம் இருக்காது. அது தப்பான ஆசை ஒண்ணும் இல்ல, அதுக்குன்னே நல்லா சொல்லித்தரவங்க இருக்காங்க, ட்ரையல் போகும்போதே "எனக்கு இதுதான் வேணும்"னு உடைச்சு சொல்லிடுங்க.

அப்புறம் எந்த டீச்சர்கிட்ட போனாலும் நகத்த ஒட்ட வெட்டிட்டுப் போங்க. எங்க மேடம் வணக்கம் சொல்றதுக்கு முன்னாடி அதத்தான் பாப்பாங்க, பெஞ்சுக்குப் பக்கத்துலயே நகவெட்டி ஒண்ணு வெச்சிருக்காங்க.