அந்தி வால்மீனுக்கு நிக்கான் ஆக்குலான் 10×50: எங்கள் மதிப்பீடு

சூரியன் மறைந்து ஒரு மணி நேரத்துக்குள் தேடிப் பிடிக்க வேண்டிய மங்கலான வால்மீனுக்கு டெலஸ்கோப்பை விட பைனாகுலர்தான் தோது. எங்கள் ஓட்டு நிக்கான் ஆக்குலான் ஏ211 10×50 மாடலுக்கு. 10 மடங்கு பெரிதாக்கம், 50 மி.மீ. முன்லென்ஸ் (10×50 என்பதன் பொருள் இதுதான்), 6.5 பாகை பார்வைப் பரப்பு, சுமார் 900 கிராம் எடை.

வானம் பார்க்க 7×50 தானே நல்லது என்பார்கள். நள்ளிரவுக்கு அது சரி. ஆனால் அதன் கண்வில்லையிலிருந்து வரும் ஒளிக்கற்றை 7 மி.மீ. அகலம். அந்தி வெளிச்சத்தில் கண்மணி 5 மி.மீ. விரிந்தாலே பெரிது. அப்போது 7×50-இல் பார்ப்பது 7×35-இல் பார்ப்பதற்குச் சமம். மிச்ச ஒளி கண்ணுக்குள் போகாது. 10×50-இன் கற்றை சரியாக 5 மி.மீ., வீணாவதில்லை. 20×80 வாங்கினால் பார்வைப் பரப்பு ஏறக்குறைய பாதியாகிவிடும். வெளிச்சம் மிச்சமுள்ள வானத்தில் தேடுவதற்குள் வால்மீன் இறங்கிவிடும்.

இதில் பலரும் கோட்டை விடுவது ஃபோகஸில். வால்மீனுக்கு விளிம்பு கிடையாது, அதை வைத்து ஃபோகஸ் செய்ய முடியாது. லேசாக விலகியிருந்தாலும் அந்தப் புகைத்திட்டு வானத்தோடு கரைந்துவிடும். அந்தியில் நட்சத்திரமும் இருக்காது என்பதால், இரண்டு மூன்று கி.மீ. தள்ளியுள்ள செல்போன் டவரின் சிவப்பு விளக்கைப் பிடியுங்கள். வலது முன்லென்ஸை மூடி, இடது கண்ணுக்கு நடுச்சக்கரத்தால் கூர்மையாக்குங்கள். பிறகு இடதை மூடி, சக்கரத்தைத் தொடாமல் வலது கண்வில்லை வளையத்தை மட்டும் திருப்புங்கள். அந்த இடத்தில் சின்ன டேப் ஒட்டிவிட்டால் அடுத்த முறை வேலை மிச்சம். வெள்ளிக் கோள் கண்ணில் பட்டால் அதில் ஒருமுறை சரிபாருங்கள்.

சூரியன் முழுதாக மறையும் முன் மேற்கே பைனாகுலரைத் தூக்கவே கூடாது, கண் போய்விடும். நம் அட்சரேகையில் சூரியன் செங்குத்தாக இறங்குவதால் அந்தி சீக்கிரம் முடியும்: மறைந்து 20 நிமிடத்தில் சூரியன் 6 பாகை கீழே, 45 நிமிடம் தாண்டினால் 12 பாகை. மங்கலான வால்மீனுக்கு 35-இலிருந்து 55 நிமிடம் வரைதான் நேரம். அதற்கு முன் வானம் வெளுப்பு. அதற்குப் பின் வால்மீன் தூசிக்குள். நான்கு நிமிடத்துக்குச் சுமார் ஒரு பாகை கீழிறங்கும். 10 பாகை உயரத்தில் அதன் ஒளி, உச்சி வானத்தைப் போல ஐந்தரை மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. போதாக்குறைக்கு அந்த ஒளி புள்ளியாக இல்லாமல் திட்டாகப் பரவியிருக்கும். அதனால் பட்டியலில் 5-ஆம் பருமன் (பிரகாச அளவு) என்று போட்டிருந்தாலும் அதே பருமன் நட்சத்திரம் போலத் தெரியும் என்று நினைக்காதீர்கள். சூரியன் மறைந்த புள்ளியிலிருந்து பக்கவாட்டில் மெதுவாக நகர்த்தி, பாதிப் பரப்பு மேல்படியும்படி அடுத்த வரிசைக்கு ஏறுங்கள். சந்தேகமான இடத்தில் பைனாகுலரை விரலால் தட்டினால், அசைவில் மங்கல் திட்டு சட்டென்று கண்ணுக்குப் படும்.

கிருஷ்ணகிரியிலிருந்து பார்ப்பவர்களுக்கு வடமேற்கில் ஓசூர், அதற்கு அப்பால் பெங்களூரு. அந்த வெளிச்சம்தான் தொல்லை. 2020 ஜூலையின் நியோவைஸ், 2025 அக்டோபரின் லெம்மன் போல வடமேற்கில் தெரியும் வால்மீன்களுக்குத் தர்மபுரிப் பக்கமே மேல். 2024 அக்டோபரின் சுசின்ஷான் அட்லஸ் நேர் மேற்கில் நின்றதால் அந்தத் தொல்லை குறைவு. அக்டோபர் என்றால் மழைமேகம் வேறு, அது தனிக்கதை. கிரானைட் குவாரித் தூசியும் நெடுஞ்சாலை விளக்கும் இல்லாத ஏரிக்கரையாகப் பாருங்கள். பென்னாகரம் பக்கம் மேற்கே மலை 3 பாகை மறைத்தாலும் 12 நிமிடம் போச்சு.

குறை இல்லாமல் இல்லை. கண்ணாடி அணிபவர்களுக்கு இது ஒத்துவராது: கண்ணுக்கும் வில்லைக்கும் 12 மி.மீ. கூட இடைவெளி கிடைப்பதில்லை, பார்வைப் பரப்பின் ஓரம் வெட்டுப்படும். கிட்டப்பார்வை மட்டும் என்றால் கண்ணாடியைக் கழற்றி ஃபோகஸில் சரிசெய்யலாம். சிலிண்டர் பவர் அதிகம் என்றால் வேறு மாடல் தேடுங்கள். பரப்பின் ஓரத்தில் நட்சத்திரங்கள் சிதறித் தெரியும், திட்டை நடுவில் வைத்தே முடிவு செய்யுங்கள். கையில் பிடித்தால் 10 மடங்கில் நடுக்கம் தெரியும். டிரைபாட் அடாப்டரைத் தனியாக வாங்க வேண்டும். நடுக்கீல் முனையின் மூடியைத் திருகி எடுத்தால் அதற்கான மரை இருக்கும். மலிவு பிளாஸ்டிக் அடாப்டர் 900 கிராமுக்கு வளையும், இரும்பில் வாங்குங்கள்.

பார்சல் வந்த அன்றே டவர் விளக்கைப் பார்த்தபடி பைனாகுலரைக் கண்ணிலிருந்து மெல்ல விலக்குங்கள். விளக்கு இரண்டாகப் பிரிந்தால் குழல்கள் ஒன்றுக்கொன்று கோணலாக உள்ளன, தலைவலிதான் மிஞ்சும். வீட்டில் திருகிச் சரிசெய்யப் பார்க்காமல் மாற்றும் கெடுவுக்குள் திருப்பி அனுப்பிவிடுங்கள்.