மீனுக்குத் தீனி போடும் சர்வோ: நாலு வருஷ அனுபவம்

டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போனால், சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீடு மூன்று வாரம் பூட்டிக் கிடக்கும். ஒரு வருஷம் பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டியிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனோம். அவர் பாசத்தில் தீனியை அள்ளிப் போட, திரும்பி வந்தபோது தொட்டித் தண்ணீர் மோர் மாதிரி இருந்தது. அப்புறம்தான் மீனுக்குத் தானாகத் தீனி போடும் கருவி செய்யும் வேலையில் இறங்கினேன்.

அமைப்பு ரொம்ப எளிது. மருந்து டப்பா ஒன்றைக் கவிழ்த்து வைத்து, ஓட்டை போட்ட மூடியை அடியில் தட்டு ஒன்று மூடியிருக்கும். பழைய ஈஸி-லிங்க் பயண அட்டையை வெட்டி, சர்வோவின் (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சின்ன மோட்டார்) கையில் ஒட்டினால் அதுதான் தட்டு. 20 டிகிரியில் மூடும், 90இல் திறக்கும். மோட்டார் 9 கிராம் எடையுள்ள எஸ்ஜி90. அதை ஆட்டுவது ஆர்டுயினோ யூனோ என்ற சின்னக் கட்டுப்பாட்டு போர்டு. எப்போது ஆட்டுவது என்று யூஎஸ்பி வயர் வழியாக ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினி சொல்லும். சுருக்கமாக 'பை'.

பையிலேயே நேராக மோட்டாரை மாட்டலாமே என்று கேட்பீர்கள். மாட்டிப் பார்த்தேன், கை நடுங்கியது. சர்வோவுக்கு 20 மில்லிசெகண்டுக்கு ஒரு துடிப்பு போகவேண்டும். அது ஒன்றிலிருந்து இரண்டு மில்லிசெகண்ட் வரை எவ்வளவு நீளமோ, அதை வைத்துத்தான் கோணம். பையை இயக்கும் லினக்ஸ் நடுவில் வேறு வேலைக்குப் போய்விட்டால் நீளம் கொஞ்சம் மாறும், கை உதறும். யூனோவுக்கு வேறு வேலை இல்லை, டைமரை வைத்துச் சரியாக அனுப்பிவிடும். அதனால் பை கோணத்தை மட்டும் ஒரு வரியாக அனுப்புகிறது.

முதல் வாரமே அடி விழுந்தது. யூனோ உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, பை மணிக்கு ஒருமுறை யூனோவோடு பேசும் சீரியல் போர்ட்டைத் திறந்து நலம் விசாரிக்கும்படி எழுதியிருந்தேன். காலையில் பார்த்தால் டப்பா காலி, மீன்கள் வயிறு உப்பிக் கிடக்கின்றன. அந்தப் போர்ட்டை யார் திறந்தாலும் யூனோ ரீசெட் ஆகும், அதாவது முதலிலிருந்து தொடங்கும், அப்படித்தான் செய்திருக்கிறார்கள். ரீசெட் ஆனதும் என் புரோகிராம் சர்வோவை அட்டாச் செய்தது, அதாவது அதற்குத் துடிப்பு அனுப்பத் தொடங்கியது. கோணம் எதுவும் சொல்லாவிட்டால், சர்வோவை ஆட்ட நான் பயன்படுத்தும் லைப்ரரி (ஆயத்த நிரல்) 1500 மைக்ரோசெகண்ட் துடிப்பை அனுப்பும், அதாவது கிட்டத்தட்ட 90 டிகிரி. நான் நலம் விசாரிக்க விசாரிக்க அது கதவைத் திறந்து வைத்திருக்கிறது! தப்பு முழுக்க என்னுடையது. இப்போது 20 என்று எழுதிய பிறகே அட்டாச் செய்கிறேன். போர்ட்டையும் ஒரே தடவை திறந்து அப்படியே வைத்திருக்கிறேன். யூனோவின் ரீசெட் முனைக்கும் கிரவுண்ட் (பூஜ்ய வோல்ட்) முனைக்கும் நடுவே 10 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர் போட்டாலும் ரீசெட் நிற்கும். ஆனால் புது புரோகிராம் ஏற்றும்போது அதைக் கழற்ற மறந்தால் புரோகிராம் ஏறாது, அரை மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

மின்சாரம் சர்வோவுக்குத் தனி, 5 வோல்ட் 2 ஆம்ப் அடாப்டர். போர்டிலிருந்தே எடுத்தபோது தட்டு சிக்கினால் யூனோவும் சேர்ந்து மயங்கியது. அடாப்டர், யூனோ இரண்டின் கிரவுண்டையும் இணைக்க மறந்தால் மோட்டார் பேய் பிடித்தமாதிரி ஆடும்.

ராத்திரியில் ஒரு ரீங்காரம் வந்துகொண்டே இருந்தது. "கொசுவாப்பா?" என்று மகள் எழுந்து வந்து கேட்டாள். சர்வோ நின்ற இடத்திலேயே நிற்க முயன்று முனகிக்கொண்டிருந்தது. வேலை முடிந்ததும் துடிப்பை நிறுத்தி டிடாச் செய்ய வைத்தேன், சத்தம் போயே போச்சு. தட்டில் பாரம் இல்லாததால் அது நகர்வதும் இல்லை.

இரண்டாம் வருஷம் உள்ளே நைலான் பல் தேய்ந்து, கை பாதியில் வழுக்கியது. காரணம் தீனிதான். இங்கே இருக்கும் ஈரப்பதத்தில் அது கட்டிப்பட்டுத் தட்டை இறுக்கிவிடும். மின்னணுப் பாகக் கடைகள் உள்ள சிம் லிம் டவரில் போய் உலோகப் பல் வைத்த எம்ஜி90எஸ் வாங்கி மாட்டினேன். அளவு ஏறக்குறைய அதேதான். டப்பாவுக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலமும் போட்டேன். அதற்குப் பிறகு மோட்டாரைத் தொடவில்லை.

ஆன்ட்டியிடம் இப்போதும் சாவி இருக்கிறது. பொட்டலம் மாற்ற வேண்டுமே.