பேஸ்மென்ட் டேப்ஸ்: மூன்றில் எதை எடுப்பது?

அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் 'தி பேஸ்மென்ட் டேப்ஸ்' மூன்று வடிவங்களில் இருக்கிறது: 1975இல் வந்த இரட்டை ஆல்பம், 2014இல் வந்த ஆறு சிடி 'கம்ப்ளீட்', அதோடு சேர்ந்தே வந்த இரண்டு சிடி 'ரா'. எல்லாம் ஒரே சரக்குதானே என்று கைக்குக் கிடைத்ததை எடுத்துவிட வேண்டாம். 1975 பதிப்பும் 2014 பதிப்பும் கிட்டத்தட்ட வேறு வேறு ஆல்பங்கள்.

1966 ஜூலையில் நடந்த மோட்டார் சைக்கிள் விபத்துக்கு அப்புறம் டிலன் நியூயார்க் மாநிலத்தின் உட்ஸ்டாக் ஊர்ப் பக்கம் ஒதுங்கிவிட்டார். மறுவருடம், பின்னாளில் 'தி பேண்ட்' என்ற இசைக்குழுவாகப் பெயர் வைத்துக்கொண்ட நண்பர்களோடு பாடிக்கொண்டிருந்தார். அதில் பெரும்பகுதி 'பிக் பிங்க்' என்ற வீட்டின் நிலவறையில் பதிவானது. ஆர்கன் வாசித்த கார்த் ஹட்சன்தான் டேப் ரெக்கார்டரையும் பார்த்துக்கொண்டார். ஆல்பம் போடும் எண்ணம் யாருக்கும் இல்லை. சில பாட்டுகள் 1969இல் 'கிரேட் ஒயிட் ஒண்டர்' என்ற திருட்டு எல்பியில் கசிந்தன.

1975 பதிப்பைத் தொகுத்தவர் தி பேண்டின் கிட்டார்காரர் ராபி ராபர்ட்சன். மொத்தம் 24 பாட்டு; 16 டிலனுடையவை, 8 தி பேண்டுடையவை. சிக்கல் அந்த எட்டில்தான். அவற்றில் சில அந்த நிலவறையையே பார்க்காதவை. டிலன் பாட்டுகள் சிலவற்றிலும் டிரம்ஸ், கிட்டார், கீபோர்டு என்று பின்னால் சேர்த்துவிட்டு, ஒலியை இடம் வலம் பிரியாத மோனோவாகச் சுருக்கியிருக்கிறார்கள். டிலனின் முக்கியமான பாட்டுகளான 'ஐ ஷெல் பி ரிலீஸ்ட்', 'ஐ'ம் நாட் தேர்' இரண்டுமே இல்லை. இவற்றை விட்டுவிட்டு ஒரு தொகுப்பு போட எப்படித்தான் மனசு வந்ததோ! ஆனால் தி பேண்டின் ரிச்சர்ட் மானுவல் பாடும் 'கேட்டிஸ் பீன் கான்' இதில் உண்டு, 'கம்ப்ளீட்'டில் கிடையாது. தி பேண்ட் ரசிகர்களுக்கு அது ஒன்றே போதும்.

'கம்ப்ளீட்' 138 பதிவுகள். பின்னால் பூசியதையெல்லாம் கழற்றிவிட்டு, ஸ்டீரியோவைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஆனால் இதன் உண்மையான மதிப்பு, 1975இல் ஒதுக்கிவிட்ட பிறருடைய பாட்டுகளில் இருக்கிறது. ஜானி கேஷ், ஹாங்க் வில்லியம்ஸ், ஜான் லீ ஹூக்கர், கர்ட்டிஸ் மேஃபீல்ட், பழைய நாட்டுப்பாடல்கள் என்று கண்டதையும் பாடிப் பார்க்கிறார்கள். பாதியில் மறந்துபோய் நிறுத்துகிறார்கள். அந்தப் பழைய பாட்டுகளின் மண்ணிலிருந்துதான் டிலனின் 'டியர்ஸ் ஆஃப் ரேஜ்' பாட்டு முளைத்தது என்பது 1975 ஆல்பத்தைக் கேட்டால் பிடிபடவே பிடிபடாது.

ஒரு பாட்டை மட்டும் எடுத்துக்கொள்வோம்: 'யூ எய்ன்ட் கோயிங் நோவேர்'. இதன் முதல் டேக்கில், அதாவது பாடிப் பதிவு செய்த முதல் முயற்சியில், மெட்டு முழுசாக வந்துவிட்டது, வரிகள் வரவில்லை. டிலன் வாய்க்கு வந்ததைப் பாடுகிறார். பூனைகளுக்குச் சாப்பாடு போடு என்கிறார். ஆனாலும் பல்லவிக்கு வரும்போது எல்லோரும் சரியாக வந்து சேர்ந்துவிடுகிறார்கள். அடுத்த டேக்கில் அது நமக்குத் தெரிந்த பாட்டாகிவிடுகிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்க முடிவதற்காகவே ஆறு சிடியையும் பொறுத்துக்கொள்ளலாம். ஆறாவது சிடியின் ஒலி மட்டும் மோசம். ஆய்வு மனப்பான்மை இருந்தால் தவிர அதில் ஒரு தடவைக்கு மேல் உட்கார முடியாது.

'ரா'வைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 38 பதிவுகள், அதே சுத்தமான ஒலி, 1975இல் விடுபட்ட முக்கியப் பாட்டுகள் உள்ளே. புதிதாகக் கேட்பவர் கையில் நான் கொடுப்பது இதைத்தான். பிடித்துப்போனால் 'கம்ப்ளீட்'டுக்குப் போகலாம். 1975 ஆல்பம் பழைய எல்பியாகக் கிடைத்தால், அதை தி பேண்டின் ஆல்பமாக நினைத்து வாங்குங்கள். அப்படிக் கேட்டால் உறுத்தாது.