காளான் விலகாத மரம்: மோரோவிண்டுக்கான ஒரு மரத் தொகுப்பு

மோரோவிண்டு என்ற கணினி ஆட்டத்தில் பழைய மரங்களுக்குப் பதிலாக நிறுத்த, ஆடுகிறவர்களே புதிய மரங்களைச் செய்து தொகுப்பாகத் தருவதுண்டு. அப்படி யார் செய்து தந்தாலும் நான் முதலில் பார்ப்பது இலையை அல்ல, காளானை. செய்டா நீன் ஊரைத் தாண்டிச் சதுப்புக்குள் இறங்கி, முதலில் தென்படும் மரத்தடிக்குப் போவேன். பட்டையில் அலமாரித் தட்டுப்போல ஒட்டியிருக்கும் காளான், ஒட்டியே இருக்கிறதா என்று பார்ப்பேன்.

காரணம் இருக்கிறது. அந்தக் காளான் மரத்தின் உடம்போடு சேர்ந்ததில்லை. அது தனிப் பொருள். 2002இல் பெதஸ்டா நிறுவனம் இந்த ஆட்டத்தை வெளியிட்டபோது, ஆட்டம் நடக்கும் வார்டன்ஃபெல் தீவின் கல்லையும் செடியையும் பீப்பாயையும் ஆட்களே கையால் வைத்து அடுக்கியிருந்தார்கள். பங்ளர்ஸ் பேன், ஹைஃபா ஃபேசியா என்ற இரண்டு தட்டுக் காளான்களும் அப்படித்தான் மரத்தில் ஏறின. பல்மோராவில் மந்திரவாதிகள் சங்கத்து அஜிரா முதல் வேலையாக நம்மைக் கொண்டுவரச் சொல்லும் நான்கு காளான்களில் இவையும் உண்டு. ஆகவே ஒருவர் புதிய மரம் செய்து பழையதன் இடத்தில் நிறுத்தும்போது, தண்டு மெலிந்துவிட்டால் காளான் அந்தரத்தில் தொங்கும். பருத்துவிட்டால் பட்டைக்குள் புதைந்து, பறிக்கக் கை எட்டாமல் போகும். பார்வைக்கு எவ்வளவு அழகான மரமாக இருந்தாலும் அஜிராவின் காளானை விழுங்கினால் அது எனக்கு ஆகாது.

மூன்று மாதங்களாக நான் போட்டு விளையாடும் இந்தத் தொகுப்பு இரண்டு நிலப்பகுதிகளின் மரங்களை மாற்றுகிறது. ஒன்று, ஆட்டம் தொடங்கும் பிட்டர் கோஸ்ட் சதுப்பு. மற்றொன்று, அதற்குக் கிழக்கே பெலாகியாட் தொடங்கி விவெக் நகரம் வரை விரியும் அஸ்கேடியன் ஐல்ஸ். செய்தவர் ஒரே ஆள், காசு எதுவும் வாங்கவில்லை. கீழே குறைகளையும் எழுதப் போகிறேன் என்பதால், தன் ஓய்வு நேரத்தைக் கொடுத்து உழைத்த ஒருவரின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. எந்த மரத் தொகுப்பை நீங்கள் இறக்கினாலும் இதே இடங்களில் நின்று பார்க்கலாம்.

சதுப்பில் அவர் தேறிவிட்டார், அதுவும் மிக நன்றாக. முதல் நாள் இரவு ஏழு மரங்களைச் சுற்றிப் பார்த்தேன். ஏழிலும் காளான் இருந்த இடத்தில் இருந்தது. ஒன்றில் மட்டும் ஓரம் சிறிது உள்ளே போயிருந்தது, ஆனாலும் பறிக்க முடிந்தது. உடனே அண்ணனுக்குத் தொலைபேசியில் சொன்னேன். இந்த ஆட்டத்தை 2004இல் எனக்குக் காட்டியவர் அவர்தான். "அண்ணா, காளானெல்லாம் மரத்தோடு ஒட்டியே இருக்கிறது" என்றேன். "அப்படியென்றால் பழைய தண்டை அளவெடுத்துத்தான் செய்திருக்கிறார்" என்றார்.

அவர் சொன்னது சரி. ஆட்டத்தின் உருவக் கோப்புகளைத் திறந்து பார்க்கவும் திருத்தவும் உதவும் நிஃப்ஸ்கோப் என்ற மென்பொருளில் பழைய கோப்பையும் புதிய கோப்பையும் அடுத்தடுத்துத் திறந்து பார்த்தேன். ஆள் உயரம் வரைக்கும் தண்டின் சுற்றளவு ஏறக்குறைய அதேதான். அதற்கு மேலேதான் செய்தவர் தன் கற்பனையைக் காட்டியிருக்கிறார். கிளை முறுக்கிக்கொண்டு பிரிகிறது, பாசி தொங்குகிறது, காய்ந்த கொம்பு ஒன்று இலைகளுக்கிடையில் தலைநீட்டுகிறது. பட்டையின் படம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. தண்ணீரில் நிற்கும் அடிப்பகுதி கறுத்து ஈரமாகவும், மேலே போகப் போக வெளிறியும் இருக்கிறது. எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் மழைக்குப் பிறகு கருவேலமரத்தின் அடி இப்படித்தான் நீர்மட்டக் கறையோடு நிற்கும்.

இரண்டாவது சோதனை கலங்கரை விளக்கம். செய்டா நீனில் ஹ்ரிஸ்கார் என்ற காவல்காரன், ஃபார்கோத் தன் காசை எங்கே ஒளித்துவைக்கிறான் என்று இரவில் வேவு பார்க்கச் சொல்வான். விளக்குக் கோபுரத்தின் உச்சியில் நின்றால் ஃபார்கோத் பதுங்கிப் பதுங்கி நடந்து, சேற்றுக் குட்டையில் இருக்கும் பொந்துள்ள அடிமரத்துக்குப் போவது தெரியும். இடையில் ஒரு பெரிய மரம் தழைத்து நின்றால் அந்த வேலையே கெட்டுவிடும். முன்பு வேறொரு தொகுப்பைப் போட்டபோது எனக்கு அப்படி ஆகி, கீழே இறங்கி அவன் பின்னாலேயே நடக்க வேண்டியதாயிற்று. இந்தத் தொகுப்பில் ஃபார்கோத் ஒரு கிளைக்குப் பின்னால் இரண்டு மூன்று நொடி மறைகிறான், பிறகு முழுதாகத் தெரிகிறான். அந்த மறைவு எனக்குப் பிடித்திருந்தது. வேவு பார்ப்பவருக்குக் கொஞ்சம் பதற்றம் வேண்டும்.

இலையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இவ்வளவு பழைய ஆட்டத்தில் இலைதான் கடினம். ஓர் இலைக்கொத்து என்பது தட்டையான ஒரு தகடு, அதன்மேல் ஓரங்கள் வெட்டப்பட்ட ஒரு படம். அந்த ஓரத்தை மெல்ல மங்கவிட்டால் இலை மென்மையாகத் தெரியும். ஆனால் எந்தத் தகடு முன்னால், எது பின்னால் என்று ஆட்டம் குழம்பி, இலைக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர் காணாமல் போகும். ஓரத்தைக் கத்தரித்தாற்போல் வெட்டிவிட்டால் அந்தக் குழப்பம் இல்லை, இலை மட்டும் சற்றே முரடாகத் தெரியும். இவர் முரட்டு ஓரத்தைத் தேர்ந்திருக்கிறார். கடலும் குட்டையும் எங்கும் தெரிகிற நிலத்தில் அதுவே சரி. தூரத்தில் படம் சிறுத்துப்போகும்போது இலையின் பரப்பும் தேய்ந்து மரம் மொட்டையாகத் தெரிவது இத்தகைய தொகுப்புகளில் நான் அடிக்கடி பார்த்த நோய். இங்கே அது இல்லை.

இனி அஸ்கேடியன் ஐல்ஸ். இங்கே எனக்கு வருத்தம்தான்.

மரங்கள் தனித்தனியாகப் பார்த்தால் சதுப்பு மரங்களைவிடவும் அழகு. குடைபோல விரிந்த தலை, உள்ளே வெயில் புகுந்து வரும் பச்சை. ஆனால் எல்லாம் பெரியவை. பழைய மரத்தைவிட ஒன்றரை மடங்கு அகலம் இருக்கும் என்பது என் கணிப்பு. மோரோவிண்டில் ஒரே மர உருவத்தைத் திருப்பியும் பெருக்கியும் சுருக்கியும் பல இடங்களில் நட்டிருக்கிறார்கள். அசல் உருவம் பெருத்தால், ஏற்கெனவே பெருக்கி நட்ட இடங்களில் அது இன்னும் ஊதிவிடும். பெலாகியாட்டில் ஒரு வீட்டின் கூரைக்குள் கிளை நுழைந்து நிற்கிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன்.

பொறுக்க முடியாதது, பாதை மறைவது. இந்த ஆட்டத்தில் போகவேண்டிய இடத்தைக் காட்டும் அம்புக்குறி கிடையாது. யாராவது வாயால் வழி சொல்வார்கள்: பாலத்தைத் தாண்டு, கைகாட்டியில் கிழக்கே திரும்பு, ஏரிக்கரையோடு போ. அதை நம்பித்தான் நடக்கிறோம். மோரோவிண்டின் உயிரே அந்த நடையில் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். பெலாகியாட்டிலிருந்து தெற்கே போகும் சாலையில் ஒரு கைகாட்டியை இந்த மரத்தின் தழை முழுக்க மூடிவிட்டது. இரண்டு முறை அதைத் தவறவிட்டேன். விவெக் நகரத்தின் பெரிய மேடைகள் மெல்ல மெல்லப் பெரிதாகி வரும் அந்தக் காட்சியும் இலைகளுக்குப் பின்னால் போய்விட்டது. முதல் முறை அந்த நகரத்தைத் தொலைவிலிருந்து பார்த்த மாலை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. புதிதாக ஆட வருகிறவருக்கு அது கிடைக்காமல் போகக் கூடாது.

இன்னொரு பிழையும் இந்தப் பகுதியில்தான். ஒரு மர உருவத்தில் மட்டும், மோதும் பரப்பைத் தனியாகக் குறிக்கும் ரூட் கொலிஷன் நோட் விடுபட்டிருக்கிறது. அது இல்லாவிட்டால் கண்ணுக்குத் தெரியும் ஒவ்வொரு தகட்டையும் ஆட்டம் சுவராக எடுத்துக்கொள்ளும். தாழ்ந்த இலையில் இடித்து நின்றேன். எய்த அம்பும் இலையில் பட்டு நின்றது. நிஃப்ஸ்கோப் பழகியவர் திருத்திக்கொள்ளலாம், மற்றவர்கள் திண்டாடுவார்கள்.

வேகம்: என் மடிக்கணினிக்கு எட்டு வயது. சதுப்பில் நொடிக்கு 60 சட்டகங்களிலிருந்து 48க்கு இறங்கியது, நடக்கும்போது தெரியவில்லை. அஸ்கேடியனில் 31. எம்ஜிஇ எக்ஸ்இ என்ற துணை மென்பொருள் மூலம் தொலைதூர நிலத்தைக் காட்டுகிறவர்கள், மரங்களை மாற்றியதும் அந்த நிலத்தை மறுபடி உருவாக்கிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் தூரத்தில் பழைய மரம் நிற்கும், கிட்டே போனதும் புதியதாக மாறும்.

நிறுவுவது எளிது. மெஷஸ், டெக்ஸ்சர்ஸ் என்ற இரண்டு கோப்புறைகளையும் ஆட்டத்தின் டேட்டா ஃபைல்ஸ் கோப்புறைக்குள் போட்டால் போதும். இரு நிலப்பகுதிகளின் கோப்புகளையும் செய்தவர் தனித்தனியாகப் பிரித்து வைத்திருப்பதற்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை அஸ்கேடியன் மரங்களை மட்டும் நீக்கினேன். சதுப்பில் அவருடைய மரங்களே நிற்கின்றன, இனியும் நிற்கும். பெலாகியாட்டுக்குத் தெற்கே அந்தப் பழைய, சிறிய, தகடு தகடான மரங்கள் திரும்பி வந்துவிட்டன. கைகாட்டியில் விவெக் என்று எழுதியிருப்பதைச் சாலையிலிருந்தே படிக்க முடிகிறது.