18,500 ரூபாய் கட்டி வாங்கிய 'மரபணு டயட்': யாரும் ஏமாற வேண்டாம்

நேற்று மாலையோடு அந்த நிறுவனம் என்னுடன் பேசுவதை நிறுத்திக்கொண்டது. பதினொரு நாட்களாக நான் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்த 18,500 ரூபாயைத் தர இயலாது என்று ஒரே வரியில் எழுதிவிட்டு, பதில் எழுதும் பெட்டியையும் மூடிவிட்டார்கள். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். எடையைக் குறைக்க அவரவருக்கு ஏற்ற உணவுமுறையைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதையும் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன். நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. உமிழ்நீரை வாங்கி மரபணுவைப் பரிசோதித்து, 'உங்களுக்கென்றே' உணவுப் பட்டியல் தருவதாகச் செயலி வழியாக விற்பவர்களில் ஒருவர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் மதுரைப் பக்கம் ஒரு பள்ளியில் மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் நடத்துகிறேன். ஆண்டுதோறும் மெண்டலின் பட்டாணிச் செடியைக் கரும்பலகையில் வரைகிற நானே மரபணு என்ற சொல்லுக்கு மயங்கினேன் என்பதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. வயது 46, எடை 78 கிலோ; சர்க்கரைக்கு ஆறு ஆண்டுகளாக மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறேன். தோழி ஒருத்தி, மாவுச்சத்தை வெகுவாகக் குறைக்கும் பேலியோ உணவுமுறையில் 12 கிலோ குறைந்ததைப் பார்த்து நானும் இறங்கி, மூன்றாம் வாரமே தலைவலியும் மலச்சிக்கலுமாகக் கைவிட்டவள். ஒருவருக்கு ஒத்துக்கொள்வது இன்னொருவருக்கு ஒத்துக்கொள்ளாது என்று பட்டுத் தெரிந்திருந்ததால்தான் அந்த விளம்பரம் நியாயமாகத் தோன்றியது.

அப்போதும் சந்தேகம் இருந்தது. அதைத் தீர்த்து வைத்தது நாற்பது நிமிடத் தொலைபேசிப் பேச்சு. முதலில் 'மேடம்' என்று தொடங்கிய அந்தப் பெண் ஐந்தாவது நிமிடத்தில் 'அக்கா' என்றாள். காலையில் எத்தனை மணிக்குப் பள்ளிக்குக் கிளம்புகிறேன், பழைய சோறு பிடிக்குமா, அம்மாவுக்கு எத்தனை வயதில் சர்க்கரை வந்தது, புரட்டாசியில் அசைவம் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். மாத்திரைகளின் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னாள்; அவள் தட்டச்சு செய்யும் சத்தம் எனக்குக் கேட்டது. என் உடம்பைப் பற்றி இவ்வளவு பொறுமையாக இதுவரை யாரும் விசாரித்ததில்லை. "இதெல்லாம் வச்சுத்தான் அக்கா உங்களுக்கு சார்ட் போடுவோம்" என்றாள். போனை வைத்த கையோடு யுபிஐயில் 18,500 ரூபாயை அனுப்பிவிட்டேன். தமிழ்ப் புத்தாண்டுக்கு நகைச்சீட்டில் போட எடுத்து வைத்திருந்த பணம் அது.

உமிழ்நீர்க் குப்பி வந்தது; அனுப்பினேன். நான்கு வாரம் கழித்து 38 பக்க அறிக்கை வந்தது. என் மரபணுவுக்கு மாவுச்சத்து ஆகாதாம். நாளுக்கு 900 கலோரி. பகல் 12 மணி வரை பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் கூடாது. 12 மணிக்கு அரை வெண்ணெய்ப் பழமும் கினோவா என்ற வெளிநாட்டுத் தானியமும். இரவு எண்ணெய் இல்லாமல் வாட்டிய சால்மன் மீன். எனக்குப் பகல் உணவு இடைவேளையே 12.40க்குத்தான் என்று சொல்லியிருந்தேன். கம்பும் கேழ்வரகும் வீட்டில் எப்போதும் இருக்கும் என்றும் சொல்லியிருந்தேன். கேட்ட கேள்விகளில் ஒன்றுக்குக்கூடப் பட்டியலில் தடயம் இல்லை. ஆனாலும் இவ்வளவு பணம் கட்டியாயிற்றே என்ற எண்ணம் பொல்லாதது, கடைப்பிடித்தேன்.

ஆறாம் நாள், மூன்றாவது பாடவேளையில் குரோமோசோம் படம் வரைந்துகொண்டிருந்தபோது சுண்ணக்கட்டி கையில் நிற்கவில்லை. வியர்வையில் முதுகு நனைந்து, கோடுகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. முதல் பெஞ்சுப் பிள்ளை ஒருத்தி பையிலிருந்து கடலை மிட்டாயை எடுத்து என் வாயில் வைத்திருக்காவிட்டால் என்னவாகியிருக்குமோ தெரியாது. பக்கத்துக் கிளினிக்கில் விரலில் குத்திப் பார்த்தபோது, மிட்டாய் தின்ற பிறகும் சர்க்கரை 61தான். கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. அதை விழுங்கிவிட்டுக் காலை உணவைத் தவிர்த்தால் சர்க்கரை இறங்கத்தான் செய்யும். "மாத்திரையைக் குறைக்காம சாப்பாட்டை மட்டும் குறைக்கச் சொன்னது யாரு டீச்சர்?" என்று மருத்துவர் கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டேன்.

அக்கா என்றவளின் எண்ணுக்கு அடித்தால் வேறு ஒருவர் எடுத்தார். உடலின் நச்சு வெளியேறும்போது இப்படித்தான் இருக்கும், எலுமிச்சைச் சாறு குடியுங்கள் என்றார். 61 என்ற எண்ணைச் சொன்ன பிறகும் அதையேதான் சொன்னார். பணத்தைக் கேட்டதும் புகார் எண் ஒன்று வந்தது. 48 மணி நேரம் பொறுக்கச் சொன்னார்கள். அது முடிந்ததும் இன்னொரு எண், இன்னொரு 48 மணி நேரம். மூன்றாமவர், மாதிரி ஆய்வகத்துக்குச் சென்ற பிறகு பணம் திரும்பாது என்ற நிபந்தனையைப் படித்துக் காட்டினார். நான்காமவர்தான் உச்சம்: மேலும் 6,000 ரூபாய் கட்டினால் மருத்துவர் ஒருவர் என் பட்டியலைச் சரிபார்ப்பார் என்றார். அப்படியென்றால் 18,500 ரூபாய்க்கு அதை யார் போட்டார்கள் என்று கேட்டேன். தொடர்பு துண்டிக்கப்பட்டது.

இதற்கிடையில் என் நாத்தனாரும் அதே நிறுவனத்திடம் வாங்கியிருந்தது தெரியவந்தது. இரண்டு கைப்பேசிகளையும் அருகருகே வைத்துப் பக்கம் பக்கமாகப் பார்த்தோம். எனக்கும் அவளுக்கும் ரத்த சம்பந்தமே கிடையாது. ஆனால் அட்டையில் இருந்த பெயரைத் தவிர 38 பக்கங்களும் ஒன்றே. 17ஆம் பக்கத்தில் இருவரையுமே 'அன்புள்ள திரு.' என்று விளித்து, யாரோ ஓர் ஆணின் பெயரைப் போட்டிருந்தார்கள்.

பணம் போன பிறகுதான் படித்தேன். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம், சர்க்கரை நோய் இல்லாத 609 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கொழுப்பையும் மறு பிரிவுக்கு மாவுச்சத்தையும் ஓராண்டு குறைத்துப் பார்த்து 2018இல் முடிவை வெளியிட்டது. சராசரியாக முதல் பிரிவில் 5.3 கிலோவும் அடுத்ததில் 6 கிலோவும் குறைந்தன. பெரிய வேறுபாடு இல்லை. ஒரே பிரிவுக்குள் மிக அதிகமாக இளைத்தவர்களும் இருந்தார்கள், எடை கூடியவர்களும் இருந்தார்கள். ஆனால் யாருக்கு எது பலிக்கும் என்பதை அவர்கள் சோதித்த மரபணு அமைப்பை வைத்துச் சொல்ல முடியவில்லை. அந்த ஒரு பக்கத்தை முன்பே படித்திருந்தால் 18,500 ரூபாய் என்னிடமே இருந்திருக்கும்.

விரிவாக எழுதுவதாகச் சொன்னேன். இப்போது கை ஓடவில்லை. அவசரமாகச் சில மட்டும். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், யார் சொன்னாலும் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளைச் சாப்பாட்டைக்கூடத் தவிர்க்காதீர்கள். சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரை எடுப்பவர்கள் மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால், கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன் என்ற அமிலம் ரத்தத்தில் ஏறி ஆபத்தாகலாம். எடை குறைப்பு உணவு 1,000 கலோரிக்குக் கீழே போகக் கூடாது, வாரம் அரை கிலோ குறைந்தால் போதும் என்பது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வழிகாட்டுதல். பணம் கட்டும் முன் பட்டியல் போடுபவரின் படிப்பைக் கேளுங்கள். தொலைபேசியில் சொன்னதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். நான் வாங்காததால் என்னிடம் சான்று இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்திருக்கிறேன்.

இதே போன்ற அறிக்கை உங்களிடமும் இருந்தால் இன்றே 17ஆம் பக்கத்தைத் திறந்து, யாரை விளித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அதே ஆளின் பெயர் இருந்தால் படம் எடுத்து வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள்; எல்லாவற்றையும் அந்தப் புகாரோடு சேர்க்க வேண்டும்.